நாயோட மலைக்கு டூர் போறீங்களா? ரெயிலில் கூண்டு, லாட்ஜில் 'நோ', டெண்டுக்கு வெளியே சிறுத்தை!

சென்னை,

கோடை லீவு விட்டாச்சு. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று பையைக் கட்டியாச்சு. கடைசி நேரத்தில்தான் வீட்டில் அந்தக் கேள்வி வரும். "அப்பா, டாமியை என்ன பண்றது?"

பக்கத்து வீட்டில் விட்டால் சாப்பிட மாட்டான். பூட்டிய வீட்டில் விட முடியாது. கூட்டிக்கொண்டு போனால் ரெயிலில் ஏற்றுவார்களா, லாட்ஜில் ரூம் தருவார்களா, டெண்டு அடித்துத் தங்கும் இடத்தில் விடுவார்களா என்று ஆயிரம் சந்தேகம். போன பிறகு தெரிந்துகொள்பவர்கள்தான் அதிகம். நடுராத்திரியில் மலையில் ரூம் கிடைக்காமல் நாயும் பிள்ளைகளுமாகக் காரில் படுத்துக் கிடப்பதும் இப்படித்தான்.

முதலில் டாக்டர்

டிக்கெட் எடுப்பதற்கு முன்பு போக வேண்டிய இடம் கால்நடை ஆஸ்பத்திரி. வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்ட அட்டை, நாய் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது, பயணம் செய்யலாம் என்ற டாக்டர் சர்டிபிகேட், இந்த இரண்டும் இல்லாமல் பார்சல் ஆபீஸ் கவுண்டர் பக்கமே போக வேண்டாம். விலங்குகளைக் கொண்டு செல்வதற்கான 1978-ம் ஆண்டு விதிகளே டாக்டர் சர்டிபிகேட் கேட்கின்றன. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகம்.

ஊசியை முந்தின நாள் போட்டுவிட்டு மறுநாள் கிளம்புவது பிரயோஜனம் இல்லை. எதிர்ப்பு சக்தி உண்டாக 3, 4 வாரம் ஆகும். டிஸ்டெம்பர், பார்வோ நோய்களுக்கான கூட்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். அது ஏன் என்பது காட்டைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

சென்னைக்காரர்கள் நாய்க்கு மாநகராட்சி லைசென்சும் வைத்திருக்க வேண்டும். 2025-ல் மைக்ரோசிப்போடு லைசென்ஸ் கட்டாயம், இல்லாவிட்டால் ரூ.5 ஆயிரம் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. வெளியூரில் நாய் தொலைந்துபோனால் அந்தச் சிப் கைகொடுக்கும். கூடவே கழுத்துப் பட்டையில் செல்போன் நம்பரை எழுதித் தொங்கவிடுவது இன்னும் நல்லது. மலையில் நாயைக் கண்டெடுப்பவர் கையில் சிப் படிக்கும் மெஷின் இருக்காது.

ரெயிலில் இரண்டே வழி

ஸ்லீப்பர், 3-ம் வகுப்பு ஏ.சி., 2-ம் வகுப்பு ஏ.சி., சேர் கார் எதிலும் நாயைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. சீட்டுக்கு அடியில் துணி போட்டு மறைத்துக் கொண்டுபோகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். புக் பண்ணாமல் பிடிபட்டால் லக்கேஜ் கட்டணத்தைப் போல 6 மடங்கு கட்ட வேண்டும். குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுபோக மட்டும் எல்லா வகுப்பிலும் அனுமதி உண்டு. அதற்கும் கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும்.

முதல் வழி, முதல் வகுப்பு ஏ.சி. அதிலும் 2 பேர் படுக்கும் கூபே அல்லது 4 பேர் படுக்கும் கேபின் முழுவதும் ஒரே குடும்பத்துக்கு இருக்க வேண்டும். கூபே வேண்டும் என்றால் 2 டிக்கெட் எடுக்க வேண்டும். நாய்க்கு 60 கிலோ லக்கேஜ் என்று கணக்குப் போட்டுக் கட்டணம் வாங்குவார்கள். சிக்கல் என்னவென்றால், டிக்கெட் எடுக்கும்போது கூபே கிடைக்குமா என்று தெரியாது. சார்ட் போடும்போதுதான் தெரியும். நாய் வருகிறது என்று முன்கூட்டியே கோட்ட வணிக அதிகாரி அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பது வழக்கம். கூபே கிடைக்காமல் வேறு ஆட்களோடு சேர்ந்து கேபின் வந்து, அதில் ஒருவர் "எனக்கு நாய் ஆகாது சார்" என்று சொல்லிவிட்டால் போச்சு. நாய் கார்டு வண்டிக்குப் போக வேண்டியதுதான். காசு திரும்பி வராது.

இரண்டாவது வழி அந்தக் கார்டு வண்டிதான். சாதாரண டிக்கெட்காரர்களுக்கு இது ஒன்றே வழி. ரெயிலின் பிரேக் வேனில் நாய்க்கென்று ஒரு பெட்டி, அதாவது கூண்டு இருக்கும். 30 கிலோவுக்கு லக்கேஜ் கட்டணம் போடுவார்கள். கட்டணம் குறைவு. ஆனால் கூண்டு சின்னது. ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி உயரமான நாய் அதில் நீட்டிப் படுக்க முடியாது. ஜெனரேட்டர் ஓடும் பவர் காரில் கூண்டு இருந்தால் ராத்திரி முழுக்க இரைச்சல் வேறு. தண்ணீர், சாப்பாடு எல்லாம் சொந்தக்காரர் பொறுப்பு. வண்டி நிற்கும் ஸ்டேஷனில் இறங்கி, கடைசிப் பெட்டி வரை ஓடி, தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்து ஏற வேண்டும். 2 நிமிஷம் நிற்கும் ஸ்டேஷனில் இது நடக்காத காரியம். எங்கே 5, 10 நிமிஷம் நிற்கும் என்று டைம் டேபிளில் பார்த்து வைத்துக்கொள்வது அவசியம்.

பயந்த சுபாவம் உள்ள நாய், மூக்கு சப்பையான பக் போன்ற நாய், வயசான நாய் இவற்றை மே மாசத்தில் அந்தக் கூண்டில் ஏற்றுவது விஷப்பரீட்சை. அதற்குப் பதில் ஊரிலேயே தெரிந்தவர் வீட்டில் விட்டுவிடலாம்.

எந்த வழி ஆனாலும், வண்டி கிளம்ப 3 மணி நேரத்துக்கு முன்பே நாயோடு பார்சல் ஆபீசில் இருக்க வேண்டும். டிக்கெட், தடுப்பூசி அட்டை, டாக்டர் சர்டிபிகேட் மூன்றும் கையில் வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரெயிலில் ஊட்டி போகலாம் என்று கனவு காண வேண்டாம். அதில் கூபேயும் இல்லை, கேபினும் இல்லை. கார் பிடிக்க வேண்டியதுதான்.

பஸ் கதை இன்னும் மோசம். நம் ஊர் பஸ்சில் நாயைப் பார்த்தாலே கண்டக்டர் பெரும்பாலும் விசில் கொடுத்துவிடுவார். கர்நாடக அரசு பஸ் கழகம் 2022-ல் நாய்க்கு அரை டிக்கெட் என்று விதியை மாற்றியது. ஏ.சி. பஸ்களில் அங்கும் கிடையாது.

காரில் போகிறவர்கள் கவனத்துக்கு

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு 70. ஏற்காட்டுக்கு 20. மனுஷனுக்கே குடலைப் புரட்டும். கிளம்புவதற்கு 3, 4 மணி நேரத்துக்கு முன்பே நாய்க்குச் சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வழியில் வாங்கும் பிரியாணியின் எலும்பைத் தூக்கிப் போடும் பாசம் வேண்டாம். வெந்த கோழி எலும்பு உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். சாக்லேட்டும் வெங்காயமும் நாய்க்கு விஷம். ஊட்டி ஹோம் மேட் சாக்லேட் பையை நாய் பக்கத்தில் வைக்கவே கூடாது.

எல்லாவற்றையும் விட ஆபத்து, மூடிய கார். "ஊட்டியில்தான் குளிருதே, பார்க் பார்த்துட்டு வர்ற வரைக்கும் கார்லயே இருக்கட்டும்" என்று பூட்டிவிட்டுப் போகிறார்கள். வெளியே 21 டிகிரி இருந்தால்கூட வெயிலில் நிற்கும் காருக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரியைத் தொடும். சமவெளியில் 30 டிகிரி என்றால் உள்ளே 45-ஐத் தாண்டும். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிடுவதால் பெரிய வித்தியாசம் இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். உடம்புச் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாக்கு சிவந்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, காற்று படவைத்து, டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7-ந்தேதி முதல் ஐகோர்ட்டு உத்தரவுப்படி இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6 ஆயிரம், வார இறுதியில் 8 ஆயிரம் வண்டிகள்தான் என்று கட்டுப்பாடும் போட்டார்கள். கிளம்பும் முன்பு அந்தந்த மாவட்ட அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கெடுபிடி இருப்பதால் நாய்க்கும் எவர்சில்வர் கிண்ணம், பெரிய கேன் தண்ணீர் என்று கொண்டுபோவதே வசதி.

லாட்ஜில் என்ன கேட்க வேண்டும்?

'நாய் அனுமதி உண்டு' என்று போனில் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் ரூமுக்குள் விட மாட்டார்கள். வாட்ச்மேன் ஷெட்டில் கட்டிப்போடச் சொல்வார்கள். அதனால் போனிலேயே மூன்று விஷயம் கேட்டுவிட வேண்டும். ராத்திரி நாய் எங்கே படுக்கும்? அதற்குத் தனியாக எவ்வளவு? காம்பவுண்டு சுவர் இருக்கிறதா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிட்டால் அங்கே போய் வாக்குவாதம் இல்லை.

மூன்றாவது கேள்வியை லேசாக நினைக்கக் கூடாது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், வால்பாறை பக்கம் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போவது அடிக்கடி நடக்கிற சங்கதி. சி.சி.டி.வி. காட்சி வந்துகொண்டேதான் இருக்கிறது. மகாராஷ்டிராவின் அகமத்நகர் மாவட்டத்தில் கரும்புத் தோட்டப் பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவை தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய் என்று தெரியவந்தது. ஆடு மாட்டை விட நாய்தான் அதற்குச் சுலபம்.

டெண்டு அடிப்பவர்களுக்கு

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். தமிழ்நாடு வனச்சட்டம் 1882-ம் ஆண்டிலேயே அப்படித்தான் சொல்கிறது. அங்கே டெண்டு அடித்து, தீ மூட்டி, நாயையும் கட்டிவைத்தால் வனத்துறை ரேஞ்சரிடம் என்ன சொன்னாலும் எடுபடாது. 2018 மார்ச் 11-ந்தேதி குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகி இறந்த பிறகு கெடுபிடி அதிகமானது. முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களில் வளர்ப்பு நாய்க்கு இடமே கிடையாது.

"நம்ம நாய் சாதுங்க, கட்டித்தான் வெச்சிருப்போம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். 2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டில் 23 சிங்கங்கள் செத்தன. செத்த சிங்கங்களில் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது உறுதியானது. நாய்களிடம் பரவலாக இருக்கும் வைரஸ் அது. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் இதே நோயில் போயின. முதுமலையில் புலியும் இருக்கிறது, நாய் இனத்தைச் சேர்ந்த செந்நாயும் இருக்கிறது. நோய் வர ஒரு எச்சில், ஒரு மூத்திரம் போதும்.

தனியார் எஸ்டேட்டுகளில் டெண்டு வாடகைக்கு விடுகிறார்கள். அங்கும் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி பக்கம் டெண்டில் தங்கிய இளம்பெண் யானை தாக்கி இறந்தார். டெண்டு துணி எதையும் தடுக்காது. நாயை வெளியே கட்டினால் சிறுத்தைக்கு இலை போட்ட மாதிரி. அவிழ்த்துவிட்டால் அதைவிட மோசம். யானையையோ காட்டெருமையையோ கண்டால் நாய் முதலில் குரைத்துக்கொண்டே ஓடும். அது திருப்பித் துரத்தினால் நாய் நேராக ஓடிவந்து நிற்கும் இடம் எஜமானின் காலடி. பின்னாலேயே யானையும் வரும். கொடைக்கானல் டவுனுக்குள்ளேயே காட்டெருமை சுற்றுகிறது. எனவே கயிறு கையை விட்டுப் போகக் கூடாது. இழுக்க இழுக்க நீளும் கயிறு வேண்டாம். 6 அடி சாதாரணக் கயிறே போதும்.

நாயோடு டெண்டு ஆசை தீரவேண்டும் என்றால் காட்டை ஒட்டாத, வேலி போட்ட தோட்டமாகப் பார்க்க வேண்டும். ராத்திரி நாயும் டெண்டுக்குள்தான் படுக்க வேண்டும். சாப்பாட்டு மிச்சத்தை வெளியே போட்டுவைத்தால் காட்டுப்பன்றி, கரடி தேடி வரும்.

கடித்துவிட்டால்?

வீட்டில் பிள்ளைகளோடு பிள்ளையாக இருக்கும் நாய்கூடப் புது இடத்தில், கூட்டத்தில் மிரண்டு கடிக்கலாம். தெரியாத குழந்தை "நாய்க்குட்டி" என்று ஓடிவந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடிப்பது எஜமான் வேலை. யாரைக் கடித்தாலும், ஊசி போட்ட நாய்தானே என்று விடக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். முதல் நாள், 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள் என்று போட வேண்டும். முதல் ஊசி மலையில் போட்டால் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு மீதியை ஊரில் போடலாம்.

ரூமும் கிடைக்கவில்லை, ரெயிலிலும் ஏற்றவில்லை என்று நாயை மலையிலேயே இறக்கிவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி இது குற்றம். 1960-ல் எழுதிய சட்டம், முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான். அந்த 50 ரூபாய் தைரியத்தில் விட்டுவிட்டு வரும் நாய் பிழைப்பது கஷ்டம்.

திரும்பி வந்த அன்றே காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். வால்பாறை பக்கம் மழைக்காலத்தில் போனால் அட்டையும் ஏறியிருக்கும். அடுத்த 2, 3 வாரத்துக்குள் நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மலைக்குப் போய் வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை எடுத்து மாத்திரை ஆரம்பித்தால் குணமாகும்.