விலக்கப்பட்டவர்கள் திறந்த கதவுகள்: குடிநோய் மீட்புக் கூட்டங்களின் வரலாறு

சேரியில் குடி என்றதும் ஆதிக்கச் சாதிக்காரர் வாயில் ஒரு வசனம் தயாராக இருக்கும்: "இவங்க குடிச்சே அழியறாங்க." அந்த இழிசொல்லுக்குத் தீனி போட்டுவிடக் கூடாது என்று நம் மேடைகள் குடியைப் பற்றிப் பேசத் தயங்குகின்றன. இந்த இரண்டுக்கும் இடையில் சிக்கிச் சாகிறவர் குடிநோயாளி. அவருக்கு யார் கதவு திறந்தார்கள் என்று உலக வரலாற்றில் தேடினால், ஒடுக்கப்பட்ட மக்களே முன்வரிசையில் நிற்கிறார்கள்.

அமெரிக்கப் பூர்வகுடிகளான செனெகா மக்கள், அந்நாட்டு விடுதலைப் போருக்குப் பிறகு தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தார்கள். வணிகர்கள் கொண்டுவந்த சாராயம் எஞ்சியதையும் அரித்தது. ஹேண்ட்சம் லேக் என்பவர் அவர்களில் ஒருவர். அவரே கடும் குடிநோயாளி. 1799இல் சாவின் விளிம்பிலிருந்து மீண்டு, குடியை விட்டார். பிறகு ஊர் ஊராகச் சென்று, தம் மக்களைக் கூட்டி, குடியை விடும் வழியைப் பேசினார். குடித்து மீண்டவரே குடிப்பவரிடம் பேசுவது என்ற முறைக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று.

1840இல் பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் கூடி வாஷிங்டோனியன் சங்கத்தைத் தொடங்கினார்கள். வாரந்தோறும் கூடி அவரவர் கதையைச் சொல்வதுதான் அவர்களுடைய மருந்து. ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். ஆனால் அன்றைய மதுவிலக்கு மேடைகள் பெரும்பாலும் வெள்ளையர் மேடைகள். கறுப்பின மக்கள் தங்களுக்கென்று தனிச் சங்கங்கள் கட்டினார்கள். 1842 ஆகஸ்டு 1 அன்று பிலடெல்பியாவில் அவர்கள் நடத்திய மதுவிலக்கு ஊர்வலத்தை வெள்ளையர் கும்பல் தாக்கியது. அவர்களுடைய மண்டபமும் தேவாலயமும் கொளுத்தப்பட்டன. குடிக்கிறவன் என்று ஏசியவர்களுக்கு, குடிக்க மாட்டேன் என்று அவன் தலைநிமிர்ந்து நடப்பதையும் பொறுக்க முடியவில்லை.

இதன் காரணத்தை ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியான தன்வரலாற்றில் விளக்கினார். கிறிஸ்துமஸ் விடுமுறை நாட்களில் அடிமைகளுக்குக் குடியை ஊற்றிக் கொடுத்து, யார் அதிகம் குடிப்பது என்று ஆண்டைகளே பந்தயம் கட்டுவார்கள். விடுதலை என்றாலே போதையில் புரள்வதுதான் என்று அடிமை வெறுத்துப்போக வேண்டும் என்பதே நோக்கம். அடுத்த ஆண்டு லண்டனில் நடந்த உலக மதுவிலக்கு மாநாட்டில், கறுப்பினத்தவர் ஒதுக்கப்படுவதையும் பிலடெல்பியாத் தாக்குதலையும் டக்ளஸ் எடுத்துச் சொன்னபோது, அமெரிக்க வெள்ளைப் பிரதிநிதிகள் கொதித்தார்கள்.

இன்று உலகெங்கும் இயங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பிறந்தது. பங்குத் தரகர் பில் வில்சன், அறுவை மருத்துவர் பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததே அதன் தொடக்கம். கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராகத் தகுதி.

விதி இப்படி இருந்தும், ஒவ்வொரு குழுவும் தன் காரியத்தைத் தானே முடிவு செய்துகொள்ளும் அமைப்பு அது. நிறப் பிரிவினை ஆண்ட காலத்தில் பல ஊர்களில் வெள்ளையர் குழுக்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. 1945இல் வாஷிங்டன் நகரில் கறுப்பினத்தவருக்கான குழு எழுந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கறுப்பின மருத்துவரின் கதை பின்னாளில் ஏ.ஏ.வின் மூல நூலிலேயே இடம்பெற்றது.

நமக்கும் இந்த மரபு அந்நியமானதல்ல. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அது சுயமரியாதையின் பகுதியாக, கூட்டாக ஏற்கப்பட்ட உறுதி. 2003 முதல் டாஸ்மாக் மூலம் அரசே சில்லறைக்கு மது விற்கும் மாநிலத்தில், அந்தக் கூட்டுறுதி இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது. கடையை மூடச் சொல்லிப் போராடும் அதே கையால், நோயாளியின் கையையும் பிடிக்க வேண்டும்.

தோழர்களே, செய்ய வேண்டியவை சில. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஒன்றிய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. அடுத்து, பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தாரும் நாமும் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். மனைவி, பிள்ளைகளுக்கு அல்-அனான் என்ற தனிக் குழுக்கள் உண்டு. முதல் நாள் அவர் தனியாகப் போக வேண்டாம். வாசல் வரை கூடவே போங்கள்.

அங்கே "எந்தத் தெரு?" என்ற கேள்வியில் சாதியை மோப்பம் பிடிக்கும் ஆள் இருந்தால், அதற்காக அவர் மீட்பைக் கைவிடக் கூடாது. வேறு கூட்டம் தேடலாம். மீண்ட இரண்டு பேர் இருந்தால் நம் தெருவிலேயே கூட்டம் தொடங்கலாம். படிப்பகம் போதும், இரவுப் பள்ளி போதும். வாஷிங்டன் கறுப்பினத்தவர் செய்தது அதைத்தான். நம் சேரிகளில் அம்பேத்கர் மன்றம் இல்லாத இடம் குறைவு. வாரம் ஒரு மாலை அதன் கதவு குடிநோயாளிக்காகத் திறக்கட்டும்.