கைநாட்டும் கையெழுத்தும்: பெரம்பலூர், அரியலூர் முதியோர் வகுப்புகளின் வரலாறு



'கைநாட்டு' என்பது நம் பக்கத்தில் ஒரு வசவுச் சொல். எழுதப் படிக்கத் தெரியாதவரை ஒரே சொல்லில் கீழே தள்ளுவதற்கு அது போதும். ஆனால் பெருவிரலில் மை பூசிய கை எது, அந்த விரலைப் பிடித்துக் காகிதத்தில் அழுத்திய கை எது என்று யாரும் கேட்பதில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும் அந்த நிலத்தைப் பிறருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்படியும் நிலம் கைமாறியது. கடன் பத்திரம் என்று சொல்லி வாங்கிய கைநாட்டு கிரயப் பத்திரமாக மாறிய கதையைச் சொல்லாத சேரி தமிழ்நாட்டில் குறைவு. ஆகவே எழுத்தறிவு நமக்கு அறிவுப் பிரச்சினையாக வந்ததில்லை. நிலப் பிரச்சினையாக, கூலிப் பிரச்சினையாகத்தான் வந்தது.

இந்த உரையில் நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றுதான். முதியோர் வகுப்பில் ஆசிரியர் அன்றாடம் சந்திக்கும் இடையூறுகள் கற்க வருபவரின் குறைகளாகவே எழுதப்பட்டு வந்திருக்கின்றன. 'ஒழுங்காக வருவதில்லை', 'தூங்கிவிடுகிறார்கள்', 'சொன்னது மறந்துவிடுகிறது' என்பவை அறிக்கைகளின் வாடிக்கையான வாசகங்கள். இவை ஒவ்வொன்றின் பின்னாலும் உழைப்பின் வரலாறும் சாதியின் வரலாறும் இருக்கின்றன. அதை அறிந்த ஆசிரியரால் வகுப்பை மாற்றியமைக்க முடியும். அறியாதவர் மாணவரைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவார்.

நம் முன்னோர் நடத்திய வகுப்புகள்

முதியோர் கல்வி அரசாங்கம் கண்டுபிடித்த திட்டமல்ல. ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாயும் 1855இல் புனேயில் உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இரவுப் பள்ளி தொடங்கினார்கள். சென்னையில் அருந்ததியர் தலைவர் எல்.சி.குருசாமி 1920களில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்கள் படிக்கும்படி அதிகாலை வகுப்புகள் வைக்கப்பட்டன.

இவர்கள் எல்லோரிடமும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பள்ளி மணிக்குத் தகுந்தபடி உழைப்பவர் வர வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. உழைப்பவரின் பொழுதுக்குத் தகுந்தபடி பள்ளியை நகர்த்தினார்கள். எழுத்தறியாதவரை அவர்கள் குறைவாகவும் எண்ணவில்லை. 1928இல் சைமன் குழுவின் முன் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டவர் அம்பேத்கர். படித்த பிறகுதான் உரிமை என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. பிரேசிலில் பாவ்லோ ஃபிரையரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் உழைக்கும் மக்களுக்கு எழுத்துக் கற்பித்தபோது, அந்நாட்டில் எழுத்தறியாதவருக்கு ஓட்டு இல்லை. மறு ஆண்டே ராணுவ ஆட்சி அவரைச் சிறையில் வைத்தது. ஓர் அரிச்சுவடி ஆட்சியை அச்சுறுத்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

திட்டங்கள் வந்த வழி

1978 அக்டோபர் 2ஆம் நாள் தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதன் வெளிச்சத்தில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் பரவியது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது உலகம் அறிந்த செய்தி. அறிவொளிப் பாடநூல் தொடக்கத்திலேயே கற்றுத்தந்த சொற்களில் ஒன்று 'பட்டா'. நிலமற்றவர் முதலில் எழுதிப் பழகும் சொல் பட்டாவாக இருந்தது தற்செயல் அல்ல.

அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தன. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007இல் மறுபடி தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் எங்கே என்பதே ஏழாண்டுகளில் மூன்று முறை மாறிய மண் இது. 1990களில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு நிலம் எடுத்தபோதும், சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் விரிந்தபோதும், அறிவிப்பும் ஒப்பந்தமும் எழுத்தில்தான் வந்தன.

2009இல் 'கற்கும் பாரதம்' வந்தது. 2001 கணக்கெடுப்பின்படி வயது வந்த பெண்களில் பாதிப்பேருக்கு மேல் எழுத்தறியாத மாவட்டங்களுக்கானது அது. தமிழ்நாட்டில் அப்படித் தேர்வான ஒன்பது மாவட்டங்களில் நம்முடைய இரண்டும் இருந்தன. 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 சதவீதம். பெரம்பலூர் 74, அரியலூர் 71. அரியலூர்ப் பெண்களில் 62 சதவீதம் அளவுக்கே எழுத்தறிந்தவர்கள். பெரம்பலூர் மக்களில் 31 சதவீதம் பட்டியல் சாதியினர். இந்த எண்களைத் தனித்தனியாகப் படித்தால் எதுவும் புரியாது. சேர்த்துப் படிக்க வேண்டும்.

வகுப்பறையில் நடப்பது

வகுப்பறை என்று சொல்கிறோம். பெரும்பாலும் அது ஒரு திண்ணை, அல்லது தெருவிளக்கின் அடி. இந்த மாவட்டங்களின் சேரிகளில் வகுப்பு எடுத்தவர்கள் என்ற முறையில் நாங்கள் கண்டவற்றைச் சொல்கிறோம்.

முதலில் பொழுது. பெரம்பலூர் கரிசலில் மக்காச்சோளம் ஒடிக்கும்போதும் பருத்தி எடுக்கும்போதும் வகுப்பு பாதியாகும். செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரி பொறுக்கும் பங்குனி, சித்திரையில் வகுப்பே இருக்காது. திருமானூர் பக்கம் நடவு தொடங்கினால் அப்படித்தான். கரும்பு வெட்டப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. வருகைப் பதிவேட்டில் இவர்கள் எல்லோரும் இடையில் நின்றவர்கள். உண்மையில் இவர்கள் வேலையில் இருப்பவர்கள். அறுவடை முடிந்து திரும்புகிறவருக்கு விட்ட இடத்திலிருந்து தொடங்க வழி வைத்தால், நின்றவர் என்ற பேச்சே எழாது.

அடுத்து இடம். ஊர்த் தெருவிலுள்ள பொதுக் கட்டடத்தில் வகுப்பு வைத்தால் சேரிப் பெண்கள் தயங்குவார்கள். சேரியில் வைத்தால் ஊர்ப் பெண்கள் வரமாட்டார்கள். பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நூறாண்டு கழித்தும் ஒரு முதியோர் வகுப்பை எங்கே வைப்பது என்ற கேள்வியில் அந்தத் தீர்மானம் உயிரோடு நிற்கிறது.

மூன்றாவது கண். நாற்பதைக் கடந்தவருக்கு வெள்ளெழுத்து. மங்கிய வெளிச்சத்தில் பாடநூலின் எழுத்து கலங்கித் தெரியும். 'மண்டையில ஏறல பாப்பா' என்று பெரியம்மா சொல்வார். ஏறாதது மண்டையில் அல்ல, கண்ணில். ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்த பிறகு பத்தே நாளில் எழுத்துக் கூட்டியவர்களைப் பார்த்திருக்கிறோம்.

நான்காவது கை. கருக்கரிவாள் பிடித்துப் பழகிய கை பென்சிலையும் அதே அழுத்தத்தில் பிடிக்கும். முனை உடையும், தாள் கிழியும், அவர் வெட்கப்பட்டு எழுந்து போவார். முதல் வாரம் தரையில் சாக்கட்டியால் பெரிதாக எழுதவிட்டால் இது தீரும்.

ஐந்தாவது கணக்கு. கிலோவுக்கு 12 ரூபாய் என்று 17 கிலோ பருத்தி எடுத்த பெண்ணிடம் கூலி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 'பத்துக்கு நூத்திருவது, ஏழுக்கு எம்பத்திநாலு, ஆக எரநூத்தி நாலு' என்று நாம் எழுதி முடிக்கும் முன் சொல்வார். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு வருவது அவர் வழி. பள்ளிக்கூடம் ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கச் சொல்கிறது. அவர் வழியைத் தவறு என்று அடித்தால், தெரிந்த கணக்கின் மீதும் அவருக்கு நம்பிக்கை போய்விடும். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்காட்டி, பிறகு பள்ளி வழியைக் காட்டுவதே முறை.

பேச்சு இன்னொன்று. சேரிப் பேச்சைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஆசிரியரிடம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். எழுத்துத் தமிழ் கூடுதலாகக் கற்க வேண்டிய ஒன்று. வீட்டில் பேசுவது அழிக்க வேண்டிய ஒன்றல்ல.

சொல்லிக்கொடுத்தவர் யார்

வரலாற்றில் அதிகம் பேசப்படாதவர் ஆசிரியர். கற்கும் பாரதத்தில் ஊராட்சி மையத்துக்கு இரண்டு ஊக்குநர்கள், ஆளுக்கு மாதம் 2000 ரூபாய். தெருவில் பத்துப் பேருக்குப் பாடம் சொல்லும் தன்னார்வலருக்கு ஊதியமே இல்லை. பல சேரிகளில் அந்தத் தன்னார்வலர் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்து வீட்டிலிருந்த பெண். பகலில் அவரும் கூலிக்குப் போனார். அத்தை, ஆயா என்று கூப்பிடும் மூத்தவர்களுக்கு எழுத்தைத் திருத்துவது எளிதல்ல. அதிலும் தன்னைத் தூக்கி வளர்த்தவரின் கையைப் பிடித்து எழுதவைப்பதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவத்தை எந்தப் பயிற்சி முகாமும் தரவில்லை. தலித் பெண்களின் கூலியில்லா உழைப்பின் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

முடிவில் தேர்வு வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50 என 150 மதிப்பெண். சான்றிதழ் கிடைத்தது. 2018 மார்ச்சில் திட்டம் முடிந்தது. அதன் பிறகு வாசிக்க எதுவும் இல்லாமல், கற்ற எழுத்து பலருக்குக் கையெழுத்தாக மட்டும் சுருங்கியது. இது பழைய ஆபத்தைப் புதிய வடிவில் கொண்டுவந்திருக்கிறது. குழுக் கடன் படிவத்தில் இன்று நம் பெண்கள் கைநாட்டு வைப்பதில்லை, கையெழுத்துப் போடுகிறார்கள். படிவத்தில் இருக்கும் வட்டியைப் படிக்காமல் போடுகிறார்கள். அன்று 'தெரியாமல் வைத்துவிட்டேன்' என்று சொல்ல இடமிருந்தது. இன்று 'கையெழுத்து உன்னுடையதுதானே' என்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

2022இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தொடங்கியிருக்கிறது. இதுவும் தன்னார்வலரை நம்பியே நடக்கிறது. அதில் பாடம் சொல்லப் போகும் மாணவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். உங்கள் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். வகுப்பு நேரத்தைக் கற்பவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முதல் நாளே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். வேலை அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், குழுக் கடன் படிவம், பட்டா ஆகியவற்றைப் பாடநூலாக்குங்கள். கையெழுத்தோடு வகுப்பை முடிக்காதீர்கள். கற்பிப்பவருக்கு ஊதியம் வேண்டும் என்ற கோரிக்கையை நம் அமைப்புகள் எழுப்ப வேண்டும். ஊராட்சியின் பொதுக் கட்டடத்தில்தான் வகுப்பு நடக்க வேண்டும் என்பதையும் விட்டுக்கொடுக்காமல் கேட்க வேண்டும்.

ஒரு காகிதத்தை நீட்டி 'இங்கே போடு' என்று சொல்பவரிடம், 'இரு, படிச்சிட்டுப் போடுறேன்' என்று நம் பெண்கள் சொல்லும் நாள்வரை இந்த வகுப்பு நடக்க வேண்டும். அதுவே எங்கள் அளவுகோல்.

ஜெய்பீம்.