எல்லாத்துக்கும் ஒரே ரிமோட்

ரிமோட்டோட கதை சோம்பேறித்தனத்துலதான் ஆரம்பிக்குதுங்க. 1950-ல அமெரிக்காவில் ஜெனித் கம்பெனி விட்ட டிவி ரிமோட்டுக்குப் பேரே 'லேஸி போன்ஸ்', அதாவது சுத்தச் சோம்பேறி. ஒயர் வச்சது, ஹாலில் நடந்தா காலைத் தடுக்கும். 1955-ல யூஜின் பாலி டார்ச் லைட் மாதிரி ஒண்ணு செஞ்சார். வெயில் பட்டாலும் சேனல் மாறிடும் :-) அடுத்த வருஷம் ராபர்ட் ஆட்லர், அலுமினியக் குச்சியைத் தட்டிக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பற ரிமோட்டைக் கொண்டு வந்தார். அதுக்கு பேட்டரிகூட வேண்டாம்!

எண்பதுகளில் அகச்சிவப்பு ஒளி வந்ததும்தான் வம்பு. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி பாஷை. பிலிப்ஸோட ஆர்சி-5 முறையில் வெளிச்சம் நொடிக்கு 36,000 தடவை துடிக்கும், என்இசி முறையில் 38,000. ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குப் புரியாது. டிவிக்கு ஒண்ணு, விசிஆருக்கு ஒண்ணுன்னு சோபா முழுக்க ரிமோட்.

இங்கேதான் ஸ்டீவ் வோஸ்னியாக் வர்றார். ஆமாங்க, ஆப்பிளை ஆரம்பிச்ச அதே ஆள். 1985-ல அங்கிருந்து விலகி, 1987-ல 'கோர்' னு ஒரு ரிமோட் விட்டார். எந்தக் கம்பெனி கோடுன்னு அதுக்குத் தெரியவே வேண்டாம். பழைய ரிமோட்டை எதிரே காட்டி பட்டனை அமுக்கினா, அந்தத் துடிப்பை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கும். ஆனா அதுக்கு புரோகிராம் போட சாதாரண ஜனங்களால முடியல, விற்பனையும் போகல. பின்னாடி வந்த ஹார்மனி, இணையத்துல மாடல் நம்பர் கொடுத்தா எல்லாம் தானே செஞ்சுக்கும். 2004-ல லாஜிடெக் அதை வாங்குச்சு, 2021-ல தயாரிப்பையே நிறுத்திடுச்சு. என் ஓட்டு வோஸ்னியாக் வழிக்குத்தான். யாரோட பட்டியலையும் நம்பி இருக்க வேண்டாம் பாருங்க.

புனேயில எங்க வீட்டுக்கு இது ரொம்பவே தேவைப்பட்டது. நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனப்புறம் அம்மாவுக்குக் காதில் விழற ஒரே தமிழ் டிவிதான். டிவிக்கு ஒரு ரிமோட், டிஷ் பெட்டிக்கு ஒண்ணு. கை தவறி 'சோர்ஸ்' பட்டன் பட்டுட்டா நீலத்திரை, 'நோ சிக்னல்'. அக்கம்பக்கத்தில் கேட்கலாம்னா அம்மாவுக்கு மராத்தியும் வராது, இந்தியும் வராது. சாயங்காலம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பாங்க. போன்ல சொல்லவும் மாட்டாங்க.

கத்துக்கற ரிமோட் ஒண்ணு வாங்கினேன், பெரிய பட்டன் உள்ளது. சத்தம் டிவி ரிமோட்டிலிருந்து, சேனல் பெட்டி ரிமோட்டிலிருந்து. சோர்ஸ் பட்டனைக் கத்துக்கொடுக்கவே இல்லை. பவர் பட்டன்லதான் கவனம் வேணும். எங்க டிவியில ஆன் ஆஃப் ரெண்டுக்கும் ஒரே கோடு, பெட்டியிலும் அப்படித்தான். எது ஆன்ல இருக்குன்னு ரிமோட்டுக்குத் தெரியாது. ரெண்டையும் ஒரே பட்டன்ல போட்டா, என்னைக்காவது ஒண்ணு எரியும், ஒண்ணு அணையும். அதனால பவர் டிவிக்கு மட்டும். பெட்டி எப்பவும் ஆன்லயே கிடக்கும்.

பழைய ரிமோட் ரெண்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க. புதுசு மறந்துட்டா திரும்பக் கத்துக்கொடுக்க அதுதான் வேணும். எங்க வீட்டுல பிளாஸ்டிக் கவர் போட்டு பீரோ மேல ஏத்தி வச்சாச்சு.