பந்தும் பணமும் – 14: குப்பைக் கிடங்குக்கு வந்த யோகம்

1998 நவம்பர் 25. வெம்பிளி மைதானம். சாம்பியன்ஸ் லீக்கில் பிரான்ஸின் லென்ஸ் அணியிடம் ஆர்சனல் 0-1 என்று தோற்றது. போன வாரம் அந்தக் கடைசி விசிலோடு நிறுத்தியிருந்தோம். ஐரோப்பியக் கனவு அந்த ஆண்டுக்கு அத்தோடு சரி. ஆனால் அன்றிரவு டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் 73,707 பேர். சொந்த மைதானமான ஹைபரியில் அதே ஆட்டம் நடந்திருந்தால் அவர்களில் பாதிப் பேருக்கு இடமே கிடைத்திருக்காது.

தோற்ற ஆட்டத்திலிருந்து இயக்குநர்கள் எடுத்துக்கொண்ட பாடம் அதுதான். கூட்டம் இருக்கிறது. உட்கார வைக்கத்தான் இடமில்லை.

ஹைபரி ஒரு காலத்தில் இப்படி இல்லை. 1935இல் சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தை 73,295 பேர் அங்கேயே பார்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் நின்றபடி. 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல் பலிகள் நிகழ்ந்தன. அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கைக்குப் பிறகு பெரிய கிளப்புகளின் மைதானங்களில் நின்று பார்ப்பதே ஒழிந்தது. ஆளுக்கொரு நாற்காலி என்றானதும் ஹைபரியின் கொள்ளளவு முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. விரிவாக்கலாம் என்றால் சுற்றிலும் வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. 1936இல் கட்டிய கிழக்குக் கேலரியோ பாதுகாக்கப்பட்ட கட்டடம். கை வைக்க முடியாது.

அதே நேரத்தில் வடக்கே மான்செஸ்டர் யுனைடெட் ஓல்ட் டிராஃபோர்டைக் கட்டிக்கொண்டே போனது. 1996இல் 55,000 இருக்கைகள். 2000இல் 67,000க்கும் மேல். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆர்சனலைவிட ஏறக்குறைய முப்பதாயிரம் டிக்கெட் கூடுதலாக விற்கும் கிளப்போடு எத்தனை ஆண்டு மல்லுக்கட்ட முடியும்? ஆர்சன் வெங்கர் வந்த புதிதில், 1998இல், லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்று கொடுத்திருந்தார். பயிற்சியாளரின் கெட்டிக்காரத்தனத்தால் சில ஆண்டுகள் சமாளிக்கலாம். சம்பளப் பட்டியலுக்கு அது போதாது.

இங்கேதான் இயக்குநர் குழு இரண்டாகப் பிரிகிறது.

ஒரு பக்கம் டேவிட் டெயின். சர்க்கரை வியாபாரத்திலிருந்து வந்தவர். 1983இல் 2,92,000 பவுண்டு கொடுத்து கிளப்பின் 16.6 சதவீதப் பங்குகளை வாங்கினார். வீணாய்ப் போகிற பணம் என்று நினைத்தார் தலைவர் பீட்டர் ஹில்-வுட். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாக ஆர்சனல் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த குடும்பம் அது. கால்பந்துக் கிளப்பில் போட்ட பணம் திரும்பி வரும் என்ற எண்ணமே அந்த வீட்டில் இருந்ததில்லை. வெங்கரைக் கொண்டுவந்தவர் டெயின். அவருடைய யோசனை, வெம்பிளிக்கே போய்விடலாம் என்பது.

இன்னொரு பக்கம் டேனி ஃபிஸ்மன். வைர வியாபாரி, அதிகம் பேசாதவர். அவர் கேட்டது சொந்த மைதானம்.

பார்த்தால் டெயின் சொன்னதுதான் புத்திசாலித்தனம் போல் தோன்றும்: கட்டடச் செலவு இல்லை, கடன் இல்லை, வங்கி இல்லை. ஆனால் வாடகை மைதானத்தில் கிளப்புக்கு முழுதாகக் கைக்கு வருவது என்ன? பெரும் பணக்காரர்களுக்கான தனி அறைகள், உணவகம், விளம்பரம், பெயர்ப்பலகை என்று எல்லாவற்றிலும் மைதானக்காரன் பங்கு கேட்பான். ஃபிஸ்மன் பக்கம்தான் கணக்கு இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. குழுவும் அப்படியே நினைத்தது.

நிலம்? லண்டனில், அதுவும் இஸ்லிங்டனில், ஒரு ஸ்டேடியத்துக்குக் காலி இடம் தேடுவது வீண் வேலை. கடைசியில் கண்ணில் பட்டது ஹைபரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஆஷ்பர்ட்டன் குரோவ். இரு ரயில் பாதைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தொழிற்பேட்டை. அதன் நடுநாயகமாக, நகராட்சியின் குப்பை சேகரிப்பு நிலையம்.

1999 நவம்பரில் திட்டம் வெளியானது. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, ஸ்டேடியம் கட்டுவது இதில் கடைசி வேலை என்று. முதலில் நகராட்சிக்கு வேறோர் இடத்தில் புதிய குப்பை நிலையம் கட்டித்தர வேண்டும். அங்கிருந்த சிறு தொழிற்கூடங்களை ஒவ்வொன்றாகப் பேசி நகர்த்த வேண்டும். பேச்சுக்கு மசியாதவர்களுக்குக் கட்டாய நில எடுப்பு, அதை எதிர்த்து நீதிமன்றம். ஏழை எளியவர்களுக்கு இத்தனை வீடு என்று நகராட்சிக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். 2001 டிசம்பரில் இஸ்லிங்டன் மன்றம் அனுமதி தந்தபோது ஒரு செங்கல்கூட வைத்திருக்கவில்லை. பணம் மட்டும் தண்ணீராய்ப் போயிருந்தது.

அடுத்து வங்கி வாசல்.

காலம் சரியில்லை. 2002இல் ஐ.டி.வி. டிஜிட்டல் தொலைக்காட்சி திவாலாகி, அதை நம்பிச் சம்பளம் பேசியிருந்த கீழ்நிலை கிளப்புகளை நடுத்தெருவில் விட்டது. கடன் வாங்கி வீரர்களைக் குவித்த லீட்ஸ் யுனைடெட் கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது. கால்பந்து என்ற சொல்லைக் கேட்டாலே வங்கிக்காரர்கள் ஃபைலை மூடினார்கள். 2003 ஏப்ரலில் வேலை நின்றது.

நின்றுபோன அந்த இடைவெளியில்தான் கதையின் போக்கையே மாற்றியவர் லண்டனுக்குள் வருகிறார்.

2003 ஜூலை. 1982இல் கென் பேட்ஸ் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கிய செல்சீ கிளப்பை, கடன் உட்பட சுமார் 140 மில்லியன் பவுண்டு மதிப்பில், ரோமன் அப்ரமோவிச் என்ற ரஷ்ய எண்ணெய்ச் செல்வந்தர் வாங்கினார். அந்தக் கோடையிலேயே வீரர்களுக்கு 100 மில்லியனுக்கு மேல் இறைத்தார். நம் புல்வெளியில் டாங்கியைக் கொண்டுவந்து நிறுத்தி ஐம்பது பவுண்டு நோட்டுகளால் சுடுகிறார் என்று டெயின் கசப்போடு சொன்னார்.

ஆர்சனலின் முழுத் திட்டமும் ஒரே அனுமானத்தின் மேல் நின்றது: அதிக டிக்கெட் விற்கிறவன் அதிகம் சம்பாதிப்பான், அதிகம் சம்பாதிக்கிறவன் நல்ல வீரர்களை வைத்திருப்பான். 1999இல் அது உண்மை. மான்செஸ்டர் யுனைடெட் அதற்குச் சாட்சி. ஆனால் சம்பாதிக்கவே வேண்டாம், உரிமையாளரின் பையிலிருந்து எடுத்தால் போதும் என்ற கிளப் அதே ஊரில் முளைக்கும் என்று யார் கணக்குப் போட்டார்கள்? இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்டத்தின் விதி பாதியில் மாறியது. அவர்கள் கைகளோ ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தன.

2004 பிப்ரவரியில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து தலைமையிலான வங்கிகள் 260 மில்லியன் பவுண்டு தர முன்வந்தன. இருபது ஆண்டுக்கான உணவு விற்பனை உரிமையை விற்று ஒரு தொகை, இன்னும் பல முன்பணங்கள் என்று மிச்சத்தைத் தேற்றினார்கள். பின்னாளில் வெங்கர் சொன்னார்: கடன் கொடுக்குமுன் அவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று வங்கிகள் வற்புறுத்தினவாம். நிலம், கட்டடத்தோடு ஒரு மனிதரையும் ஈடாகக் கேட்ட கடன்!

விசித்திரம் என்னவென்றால், இத்தனை இழுபறிக்கும் நடுவே லீக்கில் அணி தோற்கவே இல்லை. 2003-04 லீக்கின் 38 ஆட்டங்களில் 26 வெற்றி, 12 டிரா. அந்த ஓட்டம் 49 ஆட்டங்கள்வரை நீண்டது.

2004 அக்டோபரில் எமிரேட்ஸ் விமான நிறுவனம் வந்தது. ஸ்டேடியத்துக்கு 15 ஆண்டுகள் பெயர், ஜெர்சியில் 8 ஆண்டுகள் விளம்பரம், எல்லாம் சேர்த்து 100 மில்லியன் பவுண்டு. அன்று அது பெரும் தொகை. 2011இல் மான்செஸ்டர் சிட்டி எத்திஹாட் நிறுவனத்தோடு செய்த பத்தாண்டு ஒப்பந்தம் 400 மில்லியன் என்று செய்திகள் வந்தபோதுதான், அவசரக்காரனிடம் எவ்வளவு மலிவாக வாங்கியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

நெருக்கடி சம்பளத்தில் வெளிப்பட்டது. ஆஷ்லி கோல், ஆர்சனலே வளர்த்த பையன், இங்கிலாந்தின் இடது தற்காப்பு வீரர். வாரத்துக்கு 60,000 பவுண்டு எதிர்பார்த்தார்; கிளப் 55,000 என்றது. பிடிவாதமான அந்த 5,000 பவுண்டு அவரை 2006இல் செல்சீக்குக் கொண்டுபோனது. தலைவர் பட்டை கட்டிய பாட்ரிக் வியெய்ராவோ அதற்கு முந்தைய ஆண்டே யுவென்டஸுக்குப் போய்விட்டார்.

2006 மே 7இல் விகனை 4-2 என்று வென்று ஹைபரிக்கு விடைகொடுத்தார்கள்; தியரி ஆன்றி மூன்று கோல். ஜூலையில் புதிய ஸ்டேடியம் திறந்தது: அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கைகள், 150 தனி அறைகள், மொத்தச் செலவு 390 மில்லியன். முதல் ஆண்டிலேயே ஆட்ட நாள் வருமானம் 44.1 மில்லியனிலிருந்து 90.6 மில்லியனுக்குத் தாவியது. ஃபிஸ்மனின் கணக்கு பவுண்டு, பென்ஸ் பிசகாமல் பலித்தது.

ஆனால் டெயினுக்கு நிம்மதி இல்லை. வருமானம் இரட்டிப்பானாலும் முதலில் வங்கிக்குத்தான். செல்சீயோடு போட்டியிட ஒரு பணக்காரத் தோள் வேண்டும் என்று அவர் நம்பினார். அமெரிக்காவில் விளையாட்டு அணிகளை வாங்கிச் சேர்க்கும் ஸ்டான் குரோன்கி என்பவரோடு பேசத் தொடங்கினார். 2007 ஏப்ரலில், ஐ.டி.வி. வைத்திருந்த 9.9 சதவீதப் பங்குகள் அந்த அமெரிக்கர் கைக்குப் போயின. ஹில்-வுட் கொதித்தார். அவர் பணமும் வேண்டாம், அவரைப் போன்றவர்களும் வேண்டாம் என்று பத்திரிகைகளிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

ஏப்ரல் 18ஆம் தேதி, வெங்கரைக் கொண்டுவந்த டேவிட் டெயின் ஆர்சனலிலிருந்து வெளியேற்றப்பட்டார். சமரசம் செய்ய முடியாத கருத்து வேறுபாடு என்றது கிளப்பின் அறிவிப்பு.

பதவியைப் பறிக்கலாம். பங்குகளைப் பறிக்க முடியாதே. 14.6 சதவீதம் இன்னும் டெயின் வசம்தான் இருந்தது. அதைக் குரோன்கியிடம்தான் கொடுப்பார் என்று லண்டனே எதிர்பார்த்தது. ஆகஸ்ட் கடைசியில் அவர் 75 மில்லியன் பவுண்டுக்கு விற்றார். வாங்கியவர் குரோன்கி இல்லை.

(தொடரும்)