இரண்டு திருகு, ஒரு மூடி

நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேலைக்குச் சேர்ந்தது 2002இல். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது கொட்டேஷன்தான். அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெருவும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவும் ரேடியோ உதிரிப்பாகக் கடைகளால் பேர் வாங்கியவை. பிறகு டி.வி. வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. சரக்கு மாறியதே தவிர, உதிரியாக வாங்கிச் சேர்க்கும் பழக்கம் மாறவில்லை.

இன்ஜினியரிங் சேர்ந்த பிள்ளையும் அப்பாவும் வருவார்கள். மதர்போர்டு, பிராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என்று வரிசையாக எழுதி, எதிரே விலை போட்டுச் சீட்டைக் கொடுப்போம். அதோடு நாலு கடை ஏறி இறங்குவார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது, காலையில் ஒன்றும் தெரியாமல் வந்த அந்த அப்பாவே, "இப்போதைக்கு ராம் 128 எம்.பி. போடுங்க தம்பி, தீபாவளி போனஸ்ல இன்னொரு 128 போட்டுக்கலாம்" என்பார். கையில் இருக்கும் காசுக்கு இன்று வாங்கி, மீதியைப் பிறகு சேர்ப்பது: நடுத்தரக் குடும்பங்கள் கம்ப்யூட்டர் வாங்கியது இந்த நம்பிக்கையில்தான்.

லேப்டாப்பிலும் அந்த நம்பிக்கைக்குக் கொஞ்ச காலம் இடம் இருந்தது. பின்பக்கம் ஒரு சின்ன மூடி, இரண்டு திருகு. கழற்றினால் ராம் படுத்திருக்கும். இரு பக்கக் கிளிப்பையும் விரலால் விலக்கினால் சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்வில் செருகி அமுக்கினால் 'டிக்'. ஐந்து நிமிஷ வேலை. அப்போது புரோகிராமிங் படிக்க எந்த லேப்டாப்பும் போதும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++ 3.0இன் நீலத் திரையில்தான் நம் கல்லூரிகள் பல ஆண்டுகள் பிராக்டிகல் நடத்தின. டாஸ் காலத்து மென்பொருளுக்கு எந்த மெஷினும் தாராளம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் மாணவர்களுக்கு வாங்கி வழங்கியது. கொட்டேஷன் கேட்டு வந்தே இராத வீடுகளுக்கெல்லாம் மெஷின் போய்ச் சேர்ந்தது. என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழில் கண்ட பெரிய நாள் அது.

2014இல் செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தாள். பிளஸ் டூவில் கிடைத்த லேப்டாப். கல்லூரியில் ஜாவா; அதை எழுதும் எக்லிப்ஸைத் திறந்தாலே மெஷின் நின்றுபோகிறது. "இன்னொரு ரெண்டு ஜி.பி. போடுங்கண்ணா" என்றாள். போட்டேன். விண்டோஸில் ஒரு மாற்றமும் இல்லை. அதில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். வால்பேப்பரைக்கூட மாற்ற விடாத பதிப்பு, 2 ஜி.பி.க்கு மேல் எவ்வளவு ராம் போட்டாலும் கண்டுகொள்ளாது. அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்காமல் என் முகத்தையே பார்த்தார். மெஷினில் இன்னொரு பக்கம் பாஸ் லினக்ஸ் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ரீஸ்டார்ட் செய்து அதில் நுழைந்தோம். போட்ட ராம் அங்கே தெரிந்தது, எக்லிப்ஸும் ஓடியது. "அப்ப இதுலயே படிச்சுக்கறேண்ணா" என்றாள். அன்றிலிருந்து புரோகிராமிங் என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் போட்டுத் தருவதை நான் விட்டதில்லை.

அதற்கடுத்த காலம் செகண்ட்ஹேண்ட் திங்க்பேட் காலம். ஐ.பி.எம். 1992இல் அறிமுகப்படுத்தி, 2005இல் லெனோவோ கைக்குப் போன வரிசை. ஐ.டி. கம்பெனிகள் லீஸ் முடிந்து கழித்துவிடும் மெஷின்கள் லாட் லாட்டாக வரும். அழுத்தமான கீபோர்டு, எல்லாத் திருகும் கழற்றலாம், எப்படிக் கழற்றுவது என்ற கையேட்டையும் கம்பெனியே வெளியிட்டிருந்தது. 2018இல் வந்த டி480க்கு இரண்டு ராம் ஸ்லாட். என் கடையில் அதை வாங்கிப்போன பிள்ளைகள் சிலர் வேலைக்குப் போன பிறகும் அதையே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மூடி அதற்குள் மறையத் தொடங்கியிருந்தது. 2008இல் வந்த மேக்புக் ஏரிலேயே ராமை போர்டோடு சாலிடர் செய்துவிட்டார்கள். மெலிசாக வேண்டும் என்ற ஆசையில் மற்ற கம்பெனிகளும் பின்னால் போயின. இப்போது கழற்றிப் பார்த்தாலும் பல மெஷின்களில் செருக இடமே இல்லை. தீபாவளிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சு அதோடு போயிற்று. இது எனக்குப் பெரிய வருத்தம். காசு குறைவாக உள்ள வீட்டுக்குத்தான் இதில் நஷ்டம். முழுத் தொகையையும் முதல் நாளே எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது.

இன்று மொபைல் ஆப் எழுத ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து எமுலேட்டரையும் ஓட்டினால் 8 ஜி.பி. திணறும். அதனால் பிள்ளையோடு கடைக்குப் போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். நிறம், எடை எல்லாம் பார்க்கும் முன் "ராம் ஸ்லாட் இருக்கா, சாலிடரா?" என்று கேளுங்கள். ஸ்லாட் இருந்தால் இன்று 8 வாங்கலாம், அடுத்த வருஷம் ஏற்றிக்கொள்ளலாம். சாலிடர் என்றால் 16க்குக் குறைந்து வாங்காதீர்கள்.