உருவப்படம் எடுப்போருக்கு: அழகாக்குங்கள், மூலப்படத்தை அழிக்காதீர்கள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை கடற்கரைகளில் மொடல்களை வைத்துக் கலைத்துவ உருவப்படங்கள் எடுக்கும் இளைஞர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அதே தொழிலில் இருப்பவன் என்ற வகையில் சில அடிப்படைகளை இங்கே தருகிறேன். பிற ஊர்களில் ஓர் உருவப்படம் அழகுக்கான பொருளாக மட்டும் இருக்கலாம். போரும் கடலும் ஆட்களைக் கொண்டுபோன எமது கரையில், அது ஒருவரின் கடைசி அடையாளமாகவும் ஆகிவிடுகிறது.

முதலில் ஒளி. எமது கடற்கரை கிழக்கு நோக்கியது. காலையில் சூரியன் கடலிலிருந்து எழும்போது, தாழ்வான மென்மையான ஒளி நேராக முகத்தில் விழும். மொடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் முகத்தின் ஒரு பாதி நிழலாகி ஆழம் கிடைக்கும். வெயில் ஏறியபின் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். அப்போது நிழலுக்கு அல்லது ஜன்னலோரத்துக்கு மாறுங்கள். மாலையில் சூரியன் ஊர்ப்பக்கம் இறங்குகிறது. அதற்கு முதுகு காட்டி நிற்கும் மொடலின் தலைமுடியும் முக்காட்டு ஓரமும் ஒளிரும். இருண்டுபோகும் முகத்துக்கு ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து ஒளியைத் திருப்பினால் போதும்.

85 மில்லிமீற்றர் அளவிலான லென்ஸ் முகத்தின் வடிவத்தைக் கெடுக்காது. கைத்தொலைபேசி என்றால் முகத்துக்கு மிக அருகே போகவேண்டாம். மூக்கு பெருத்துத் தெரியும். ஃபோகஸ் கமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் இருக்கட்டும். மருதமுனைக் கைத்தறிச் சேலையின் நெசவு பக்க ஒளியில்தான் துலங்கும்.

இலங்கையில் இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1875இல் இங்கு வந்து 1879இல் மறைந்த ஜூலியா மார்கரெட் கமரன், தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் படமெடுத்தார். அப்படங்கள் பலவற்றில் இருப்பவரின் பெயர் இல்லை. லயனல் வென்ட் (1900–1944) பல படங்களை ஒன்றாக இணைத்தும், இருட்டறையில் இடையில் ஒளிபட விட்டு உருவத்தின் ஓரங்களைக் கோடாக்கியும் புதுமை செய்தார். அவர் மறைந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை அச்சுப் படங்களே. ஒருவரிடம் பெயர் போயிற்று, மற்றவரிடம் மூலம் போயிற்று. இரண்டையும் நாம் காப்பாற்றலாம்.

கணினியில் திருத்தும்போது ரோ கோப்பைத் தொடாமல் பிரதியில் வேலை செய்யுங்கள். முதலில் வெளிச்சம், பிறகு நிறச்சமநிலை, அதன்பின் தோல், கடைசியாகக் கற்பனை வண்ணங்கள். ஒவ்வொன்றையும் தனி லேயரில் வைத்தால் எப்போதும் பின்னுக்குத் திரும்பலாம். நாலு நாளில் மறையும் பருவை நீக்கலாம். மச்சத்தையும் தழும்பையும் கேட்காமல் நீக்காதீர்கள். ஷெல் துண்டு கீறிய தழும்பை மறைக்க விரும்புவோரும் உண்டு, அப்படியே இருக்கட்டும் என்போரும் உண்டு. அது அவர்களின் முடிவு. கேட்காமலே கருநிறத்தை வெளுப்பாக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பெற்ற தாய்க்கே பிள்ளையை மட்டுக்கட்ட முடியாத படம் யாருக்கு வேண்டும்?

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் கையில் ஏந்தி நின்றதும் உருவப்படங்களைத்தான். என்றோ அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி எம்மிடம் வருவோருக்கும், மச்சம் இருக்கவேண்டிய இடத்தில் மச்சம் இருக்கவேண்டும்.

சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். படம் எங்கே வெளியாகும், யார் பார்ப்பார்கள், எதுவரை திருத்தப்படும் என்பதை எடுக்கும் முன்பே சொல்லுங்கள். எமது ஊர்களில் ஒரு பெண்ணின் படம் அவள் அறியாமல் முகநூலில் ஏறினால், அதன் விலையை அவளே கொடுக்கிறாள். பின்னர் அவள் மனம் மாறினால் உடனே நீக்குங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில், இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. வீடுகளோடு அல்பங்களும் போயின. ஆகவே மூலக்கோப்பின் ஒரு பிரதியைக் கரையிலிருந்து தள்ளியுள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வையுங்கள். கோப்பின் பெயரில் ஆளின் பெயர், ஊர், திகதி மூன்றையும் எழுதுங்கள். திருத்திய படத்தோடு திருத்தாத படத்தையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.