குளக்கரையும் பூங்காவும்: புதுக்கோட்டை, சென்னை நகரப் பொதுவெளிகள் குறித்த ஓர் ஒப்பீடு

தமிழக நகரங்களில் பொதுப்பூங்கா என்னும் அமைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரவாகும். அதற்கு முன்னர் மக்கள் கூடும் திறந்தவெளிகளாகக் குளக்கரைகளும் கோயில் வீதிகளுமே விளங்கின. புதுக்கோட்டை இதற்குத் தெளிவான சான்று. விசயரகுநாத ராய தொண்டைமான் (1807–1825) காலத்தில், தஞ்சாவூர் ரெசிடெண்டு பிளாக்பர்னின் ஆலோசனையுடன் பழைய குறுகிய சந்துகள் அகற்றப்பட்டு நேர் வீதிகள் அமைக்கப்பட்டன. இவ்வீதிகளுக்கிடையே, சாந்தநாத சுவாமி கோயிலை ஒட்டிய பல்லவன்குளம் நகரின் நடுவே திறந்தவெளியாக நீடித்தது.

1878இல் திவான் பொறுப்பேற்ற அ. சேஷையா சாஸ்திரியின் நிர்வாகத்தில் பல்லவன்குளமும் புதுக்குளமும் சீரமைக்கப்பட்டன. இதனை வெறும் சுகாதாரப் பணியாகக் கொள்வது போதாது. குளம் என்பது நீர் முகக்கும் துறை, நீராடும் படி, வழிபாட்டிடம், மாலையில் காற்று வாங்கும் கரை என ஒரே நேரத்தில் பல பயன்களைத் தாங்குவது. இப்பயன்கள் தம்முள் முரண்பட்டும் வந்துள்ளன. தமிழகத்தின் பல ஊர்களில் படித்துறைகள் சாதி வரம்புக்கு உட்பட்டிருந்தமையால், குளக்கரையை அனைவருக்குமான வெளி என்று போற்றிவிடவும் இயலாது.

அனைவருக்கும் உரியது என்னும் கருத்தைப் பெயரிலேயே தாங்கி வந்தது சென்னையின் ‘பீப்பிள்ஸ் பார்க்’. ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் (1859–1860) முயற்சியில் உருவான இப்பூங்கா 116 ஏக்கர் பரப்புடையது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்டு பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சியகம் பின்னர் இங்கு இடம்பெயர்ந்தது. ஆண்டிறுதிக் கண்காட்சிக்குப் பெருந்திரளான மக்கள் கூடினர். 1886 டிசம்பர் 31இல் அக்கண்காட்சியில் மூண்ட தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

பூங்காவின் பரப்பு சுருங்கிய விதமே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. விக்டோரியா பொதுமண்டபம், மூர் மார்க்கெட் (1900), ரிப்பன் கட்டடம் (1913), விளையாட்டரங்கம் என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தவை யாவும் பொதுநோக்கம் கொண்ட கட்டடங்கள். தனியார் ஆக்கிரமிப்பை எதிர்க்கச் சட்டம் உண்டு. பொதுநலத்தின் பெயரால் பொதுநிலம் குறையும்போது எதிர்ப்பதற்கு எவரும் எளிதில் முன்வருவதில்லை. 1985இல் விலங்குகள் வண்டலூருக்குச் சென்றன. அதே ஆண்டு மூர் மார்க்கெட் எரிந்தபின் அவ்விடம் ரயில்வேயின் பயன்பாட்டுக்கு வந்தது. பூங்கா என்பது நிர்வாகத்தின் பார்வையில் ‘காலியிடம்’. நீர் நிறைந்த குளம் அவ்வாறு எளிதில் தோன்றுவதில்லை.

எனினும் நீர் ஒன்றே காப்பாகிவிடாது. 1920களில் மாம்பலம் ஏரியின் நீர் வடிக்கப்பட்டே தியாகராய நகர் எழுந்தது. அதன் நடுவே அமைந்த பனகல் பூங்கா, நீர்நிலை பூங்காவாக உருமாறியதன் சான்றாகும். குடிநீருக்கும் பாசனத்துக்கும் குளத்தை நாடும் தேவை குறையுந்தோறும் கரையின் உரிமையாளர்களும் குறைகின்றனர். 1912இல் நகராட்சியான புதுக்கோட்டையின் குளங்களை ஆராய்வோர், கல்வெட்டுகளோடு வருவாய்த்துறைப் பதிவேடுகளையும் சேர்த்தே பயில வேண்டும். ‘நீர்நிலைப் புறம்போக்கு’ என்னும் வகைப்பாடு எவ்விடத்தில் முடிந்து, கரை எவ்விடத்தில் வேறு பெயர் பெறுகிறது என்பதை அவையே காட்டும்.